கரிக்குள் ஐதரசன் நிற்குமா?

அன்புள்ள அக்கா,
தலவாக்கலையில் உயர்தரம் படிக்கிறேன். கரிக்குள் ஐதரசன் வாயுவைச் சேமிக்கலாம் என்று எங்கள் சேர் சொன்னார். துளை நிறைந்த பொருளில் வாயு ஒழுகிப் போய்விடாதா? அப்படிச் சேமிக்க முடிந்தால், 2022இல் அம்மா வெறும் கேஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்ற மாதிரி இனி நிற்கத் தேவையில்லையா?
– ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,
அந்த வரிசையை நானும் மறக்கவில்லை. முதலில் ஒழுகும் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு சிரட்டைக்கரித் துண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள். ஊசிமுனைக் குமிழ்களாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். அந்தக் கரியை 900 பாகை அளவு சூட்டில் நீராவி பட வைத்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இன்னும் பெருகும். நம் நாடு சிரட்டையிலிருந்து செய்து ஏற்றுமதி பண்ணும் ஆக்டிவேட்டட் காபன் அதுதான். அதில் ஒரே ஒரு கிராமின் துளைச் சுவர்களை விரித்தால் 1000 சதுர மீற்றர் வரும். கால் ஏக்கர் தேயிலை மலை, ஒரு சிட்டிகைக் கரிக்குள்!

ஐதரசன் அந்தச் சுவர்களில்தான் ஒட்டுகிறது. இரசாயனப் பிணைப்பு கிடையாது, மிக மெல்லிய ஒட்டு. அதனால் எடுப்பது சுலபம்: அமுக்கத்தைக் குறைத்தால் வாயு வெளியே வந்துவிடும். சிக்கலும் அதே மெல்லிய ஒட்டில்தான். திரவ நைதரசனின் குளிரில், அதாவது −196 பாகையில், நல்ல கரி தன் நிறையில் 5 வீதம் வரை பிடிக்கும். அறை வெப்பநிலையில் 100 வளிமண்டல அமுக்கம் கொடுத்தாலும் 1 வீதத்தைத் தொடுவது கஷ்டம். புல்லில் உறைபனி படியும் நுவரெலியா ஜனவரிக் காலைகூட ஐதரசனுக்குக் கொதிக்கிற வெயில்தான்.

1997இல் காபன் நனோகுழாய்கள் (காபன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள்) அறை வெப்பநிலையிலேயே நிறையப் பிடிக்கும் என்று பெரிய நம்பிக்கை எழுந்தது. மற்ற ஆய்வுகூடங்களில் அந்த அளவு கிடைக்கவில்லை.

ஆனாலும் விட்டுவிடக் கூடாத வேலை இது. 1 கிலோ ஐதரசன் சாதாரண அமுக்கத்தில் லயத்துக் காம்பராவில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஐதரசனில் ஓடும் டொயோட்டா மிராய் காரில் அதை 700 வளிமண்டல அமுக்கத்தில் திணிக்கிறார்கள். கரி உதவினால் இதைவிடக் குறைந்த அமுக்கம் போதும். துளை 1 நனோமீற்றரைவிடச் சிறிதாக இருந்தால் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து மூலக்கூறை இழுக்கும். சிரட்டைக்கரியில் இப்படிப்பட்ட நுண்துளைகளே அதிகம். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அம்மாவின் அடுப்புக்கு இது வர இன்னும் காலமாகும், தங்கச்சி. அந்தக் கரித்துண்டை மட்டும் நன்றாகக் காயவைத்து, நிறுத்துவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். ஒரு நாள் ஊறிய பிறகு மேலே துடைத்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். இரண்டு நிறையையும் எனக்கு எழுதுங்கள்.