கிறிஸ்தவத்தில் ‘தெரிந்துகொள்ளுதல்’ என்பதன் பொருள் என்ன? அது பாரபட்சம் ஆகாதா?

‘தெரிந்துகொள்ளுதல்’ என்பது இங்கே அறிதல் அல்ல, தேவன் ஒருவரைத் தமக்கென்று தேர்ந்தெடுப்பது. காரைக்குடியிலிருந்து கேட்டிருப்பதால், நீங்கள் அறிந்த வழக்கம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். ஆண் வாரிசு இல்லாத நகரத்தார் வீட்டில் தம் கோயில் பிரிவைச் சேர்ந்த ஒருவரைப் பிள்ளை கூட்டுவார்கள், அதாவது தத்தெடுப்பார்கள். கூட்டப்பட்டவர் அந்த வீட்டின் சொத்தோடு அதன் கடமைகளையும் ஏற்கிறார். வேதாகமத்தில் எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரமும், உலகத்தோற்றத்துக்கு முன்னமே தேவன் கிறிஸ்துவுக்குள் தெரிந்துகொண்டவர்களை அவருடைய ‘சுவிகார புத்திரர்’ (தத்துப் பிள்ளைகள்) என்றே சொல்கிறது. ஆனால் பிள்ளை கூட்டுகிறவர்கள் குலமும் குணமும் பார்ப்பார்கள். தேவன் இஸ்ரவேலைத் தெரிந்துகொண்டதற்கோ அவர்களிடம் இருந்த சிறப்பு எதுவும் காரணமல்ல, அவர்கள் எல்லா ஜனங்களிலும் கொஞ்சமானவர்கள், அவருடைய அன்பே காரணம் என்கிறது உபாகமம் 7.

அப்படியானால் ஒருவரைத் தெரிந்துகொண்டு மற்றவரை ஏன் விட்டார்? சபைகள் பிரிவது இங்கேதான். விசுவாசமே கிருபையின் ஈவு என்பதால் தெரிவுக்கு மனிதரிடத்தில் நிபந்தனை இல்லை என்றும், யாருக்கும் கடன்பட்டிராத இரக்கத்தைச் சிலருக்குக் காட்டுவது அநீதியாகாது என்றும் பண்டைய திருச்சபைத் தந்தை அகஸ்டினும் 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதி கால்வினும் வாதிட்டனர். விசுவாசிப்பவர் யாரென்று முன்னறிந்தே தேவன் தெரிந்துகொண்டார் என்றார் டச்சு இறையியலாளர் அர்மீனியுஸ். அவர் 1609இல் மறைந்த பிறகு, 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைச் சங்கம் அதை நிராகரித்தது. ஆயினும் மெதடிஸ்ட் சபைகள் இன்றும் அர்மீனியுஸின் பக்கமே நிற்கின்றன.

இரு தரப்பும் தனிமனித மீட்பிலேயே கண்ணாயிருந்தன என்பதே நான் காணும் குறை. இஸ்ரவேலரின் முற்பிதாவான ஆபிரகாமைத் தெரிந்துகொண்டபோதே, பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் அவருக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்று ஆதியாகமம் 12 சொல்லிவிடுகிறது. அவர் அழைக்கப்பட்டது மற்றவர்களை விலக்குவதற்காக அல்ல, அவர்களுக்காகவே.