கார்டியாக் ஹில் வரை கொஞ்சம் பொறுங்கள்
(வாசகர் கேள்விகள்: அட்லான்டாவின் ஜூலை 4 பீச்ட்ரீ 10 கி.மீ. சாலை ஓட்டம்)

போன வருடம் அட்லான்டா பீச்ட்ரீ ஓட்டத்தில் முதல் 5 கிலோமீட்டர் பறந்தேன். அப்புறம் கால் எழவே இல்லை. பாதி தூரம் நடந்துதான் முடித்தேன். பயிற்சி போதவில்லையா?
– ஆல்ஃபரெட்டா வாசகி

பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் பாதையைப் பாருங்கள். லெனாக்ஸ் ஸ்கொயர் வணிக வளாகத்தின் பக்கத்தில் தொடங்கி பீச்ட்ரீ ஓடை வரை, ஏறக்குறைய 5 கி.மீ., மொத்தத்தில் இறக்கம். விடுமுறைக் கூட்டம், வாத்தியம், ஓரத்தில் நின்று கத்துகிறவர்கள், எல்லாம் சேர்ந்து தள்ளிவிடும். நாம் வேகமாக ஓடுகிறோம் என்றே தெரியாது. ஓடையைத் தாண்டியதும் பீட்மான்ட் மருத்துவமனை வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஒரே ஏற்றம். 'கார்டியாக் ஹில்' (இதய மேடு) என்ற பெயர் சும்மா வரவில்லை. இறக்கத்தில் தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் பிரேக் பிடித்தபடியே வருகிறது. அந்தக் களைப்பு அப்போது தெரியாது, மேடு ஏறும்போது மொத்தமாகத் தெரியும்.

மேடு முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. மிட்டவுன் வரை சாலை மேலும் கீழுமாகவே போகும். பத்தாவது தெருவில் இடப்பக்கம் திரும்பிய பிறகுதான் கடைசி இறக்கம். திரும்பியதுமே முடிவுக்கோடு வந்துவிடாது, அங்கேயே முழு வேகத்தையும் செலவழிக்க வேண்டாம்.

70 நிமிடம் உங்கள் இலக்கு என்றால் இப்படிப் பிரியுங்கள்: முதல் 2 கி.மீ. தலா 7:20 (7 நிமிடம் 20 விநாடி). அடுத்த மூன்று தலா 6:45, இது இறக்கம் தானாகத் தரும் வேகம், நீங்கள் முயற்சி செய்து எடுப்பதல்ல. மேடு உள்ள ஆறாவது கி.மீ. 7:50. ஏழு, எட்டு, ஒன்பது தலா 7:00. கடைசி 6:15. மேட்டில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அடியைச் சிறிதாக்கி, கையைக் கொஞ்சம் வேகமாக வீசினால் போதும்.

நடப்பதில் வெட்கம் எதற்கு? 1970இல் 110 பேர் ஓடிய முதல் பீச்ட்ரீயில் வென்ற ஜெஃப் காலோவேதான் பின்னாளில் ஓடி-நடந்து-ஓடும் முறையை ஊரெங்கும் பரப்பினார். அதன் சூட்சுமம், களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே நடப்பது. 2 நிமிடம் ஓட்டம், 30 விநாடி நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே தொடங்குங்கள். நடக்கப் போகும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரத்துக்கு ஒதுங்குங்கள். பின்னால் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

ஜிம்மில் டிரெட்மில்லில் 8 கி.மீ. சுலபமாக ஓடுகிறேன். வெளியே 4 கி.மீ. கூட முடியவில்லை. ஓட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.
– ஜான்ஸ் கிரீக் வாசகர்

மூன்று வாரம் போதும், ஆனால் இன்றைக்கே குளிர்சாதன அறையை விட்டு வெளியே வாருங்கள். ஜூலை காலையில் அட்லான்டாவின் வெப்பநிலை பயமுறுத்தாது, ஈரப்பதம்தான் படுத்தும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாமல் சொட்டினால் நீர் போகும், சூடு போகாது. சென்னை மே மாதப் புழுக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பத்து வருட ஏசி அந்தப் பழக்கத்தைத் துடைத்துவிடும். உடம்பு திரும்பப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். வாரத்தில் நான்கைந்து காலை, 30 முதல் 40 நிமிடம், மெதுவாக. டிரெட்மில்லை விட மனமில்லையென்றால் வாரம் ஒருமுறை 3 முதல் 4 சதவீதச் சாய்வில் 3 நிமிடம் வீதம் ஐந்து முறை ஏறுங்கள். கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள்.

அன்றைய வெயிலுக்கேற்பப் பாதையில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடிகள் இருக்கும். சிவப்பு என்றால் நேர இலக்கை மறந்துவிடுங்கள். கறுப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. கொடி எந்த நிறமாக இருந்தாலும் சரி, வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, குளிரடித்தாலோ, தலை சுற்றினாலோ நின்றுவிட வேண்டும்.

தண்ணீர்: இரண்டு மணி நேரம் முன்பு 400 முதல் 500 மி.லி. வழியில் தாகத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று வாய். 'நிறையக் குடித்தால் நல்லது' என்று ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கப் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும் ஆபத்து உண்டு. தண்ணீர் தரும் ஒவ்வொரு இடத்திலும் கூட்டமெல்லாம் முதல் மேசையில்தான் மோதும், அந்த வரிசையின் கடைசி மேசைக்குப் போங்கள். காகிதக் கப்பின் வாயைக் கிள்ளிக் குறுக்கினால் மூக்கில் ஏறாது.

காலையில் என்ன சாப்பிடலாம்? இட்லி ஆகுமா?
– கம்மிங் வாசகி

தாராளமாக. இரண்டு இட்லி, சர்க்கரையோ தேனோ தொட்டு, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன். சாம்பார் வேண்டாம், பருப்பு வயிற்றில் நின்று வேலை காட்டும். மிளகாய்ச் சட்னியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழக்கம் இருந்தால் காபி குடிக்கலாம். பழக்கமில்லாத எதையும் அன்று தொட வேண்டாம், ஓட்டத்துக்கு முந்தைய எக்ஸ்போ கண்காட்சியில் இலவசமாகத் தந்த சத்து ஜெல் உட்பட.

காரை எங்கே நிறுத்துவது? டி-ஷர்ட் எப்போது தருவார்கள்?
– அதே ஊர், இன்னொரு வாசகர்

தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஓட்டப் பாதைப்படி 10 கி.மீ. தள்ளி இருக்கின்றன. தொடக்கத்தில் காரை விட்டால் திரும்பிப் போய்த்தான் எடுக்க வேண்டும். வடக்கிலிருந்து வருகிறவர்கள் நார்த் ஸ்பிரிங்ஸில் நிறுத்தி, மார்ட்டா நகர ரயிலின் சிவப்பு வழித்தடத்தில் பக்ஹெட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஓட்டம் முடியும் பீட்மான்ட் பூங்காவிலிருந்து மிட்டவுன் நிலையம் நடக்கும் தூரம், அதே ரயில் கொண்டுவந்து விடும். டிக்கெட்டை முதல் நாளே வாங்குங்கள், அன்று காலை இயந்திரத்தின் முன்னால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வரிசை நிற்கும்.

டி-ஷர்ட் ஓடி முடித்தவருக்குத்தான், முடிவுக்கோட்டுக்கு அப்பால். அதன் ஓவியத்தைக் கடைசிவரை ரகசியமாக வைத்திருப்பதும் இந்த ஓட்டத்தின் வழக்கம்.

ஓடும்போது போட பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் கனக்கும், உரசும். அக்குள், உள்தொடை, ஆண்களுக்கு மார்புக்காம்பு, இங்கெல்லாம் வாஸ்லின் தடவுங்கள். ஓட்ட எண் தாளை நான்கு ஊக்கும் போட்டு மார்பில் குத்துங்கள், மடிக்காதீர்கள், அதன் பின்பக்கம் நேரம் கணக்கிடும் சிப் இருக்கிறது. தொடக்கக் கோட்டை நீங்கள் மிதிக்கும்போதுதான் உங்கள் நேரம் ஆரம்பிக்கும். ஆகவே A, B என்று எழுத்திட்டு உங்களுக்குக் கொடுத்த தொடக்கப் பிரிவை விட்டு முன்னால் நுழைய வேண்டாம்.