பத்தாவது படிக்கும் மகன் "போதைப் பக்கமே போக மாட்டேன்" என்கிறான், நம்பலாமா?

நம்புங்க. ஆனா யார் நீட்டினா மறுப்பான்னு கேட்டீங்களா? முன்னப்பின்ன தெரியாதவன் நீட்டினா எந்தப் பிள்ளையும் வேண்டாம்னுரும். கூடவே சுத்துறவன் நீட்டும்போதுதான் நாக்கு எழாது.

என் பையன் ஒன்பதாவது படிக்கையில மதுரை செல்லூர்ப் பக்கம் வைகைக்குள்ள கிரிக்கெட் ஆடப் போவான். ஆட்டம் முடிஞ்சதும் கூட்டாளி ஒருத்தன் கூல் லிப்பை நீட்டியிருக்கான். உதட்டுக்குள்ள ஒதுக்குற சின்னப் புகையிலைப் பை. புகை கிடையாது, வகுப்புலகூட வச்சுக்கிட்டு உட்காரலாம். "ஒண்ணும் பண்ணாது மாப்ள"ன்னிருக்கான். இவன், "எங்கம்மா தினமும் வாயை மோந்து பாக்கும்டா, தொலைச்சுரும்"னுட்டு பேட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டான்.

அந்தப் பதில் வீட்டுல பழகுனது. இட்லிக்கு மாவு ஆட்டுற நேரத்துல நான்தான் கூட்டாளி. "பயந்தாங்கொள்ளி, ஒரு தடவைதானடா"ம்பேன், அவன் பதில் சொல்லணும். முதல்ல சிரிச்சான், தலையைக் குனிஞ்சான். சொல்லச் சொல்லத்தான் குரல் தெளிஞ்சுச்சு.

பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்குறியான்னு சிலர் வருவீங்க. பொய்யில்லங்க, நான் நிஜமாவே மோந்து பாப்பேன். பழியை அம்மா தலையில போட்டுட்டா அவனுக்குக் கூட்டாளியும் தங்குவான்.

"ராத்திரி ஒன்பதரை வரை ஜவுளிக்கடையில நின்னா பிள்ளை எப்படி உருப்படும்"னு என் நாத்தனார் கேட்டது இன்னும் ஆறல. அம்மா வேலைக்குப் போறதைக் கேக்குற சனம், பள்ளிக்கூடத்துக்கு 100 கஜத்துக்குள்ள புகையிலை விக்கிறவனைக் கேக்குதா? அதுக்கு 2003லயே சட்டம் இருக்கு. பிள்ளைகளுக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தா 7 வருசம் வரை ஜெயில்னு சிறார் நீதிச் சட்டமும் சொல்லுது.

ஒருவேளை பழகியிருந்தா அடிக்காதீங்க. போதையை விட உதவுற அரசு உதவி எண் 14446க்குப் பேசுங்க, காசு கிடையாது. இல்ல, பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க.

இன்னைக்குச் சாப்பிட உட்காரும்போது, "யாரு கொடுத்தா உனக்கு மறுக்கச் சங்கடமா இருக்கும்?"னு கேளுங்க. பேரைச் சொல்லிட்டான்னா, அந்தப் பையன் வீட்டு வாசல்ல சண்டைக்குப் போய் நின்னுறாதீங்க.