சரியான விடைக்கும் 'எப்படி' என்று கேளுங்கள்

கேள்வி: ஒன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பயிற்சித் தாளில் எல்லாம் சரியாகப் போடும் பிள்ளை, நேரில் கேட்டால் திருதிருவென முழிக்கிறது. தனித்தனியாக உட்கார வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்றால், கடைசியில் நானே பாடம் நடத்தி முடித்துவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: டீச்சர், நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. பிள்ளை ஐந்து வினாடி பேசாமல் இருந்தால் நமக்கு வாய் சும்மா இருக்காது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் பாதி வேலை.

ஏழு பட்டன்களை வைத்து எண்ணச் சொல்லுங்கள். விரல் வைத்து அழகாக எண்ணும். "சரி, மொத்தம் எத்தனை?" என்றதும் மறுபடி ஒன்று, இரண்டு என ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லையோ என்று சந்தேகப்படலாம். அப்புறம் குவியலைக் காட்டி "ஐந்து எடுத்துக் கொடு" என்று கேளுங்கள், கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தால் சந்தேகம் வலுக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளையிடம் 16 பட்டன்களை வைத்து, 16 என்று எழுதி, அதிலுள்ள 1-ஐத் தொட்டு "இது எத்தனை பட்டன், காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். பத்து பட்டன்களைக் காட்டாமல், ஒரே ஒரு பட்டனைத் தள்ளி வைக்கும் பிள்ளைகள் நிறைய. அதே பிள்ளை தாளில் இரண்டு இலக்கக் கூட்டலைத் தப்பில்லாமல் போட்டிருக்கும்!

விடை சரியாக இருந்தாலும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். 8+5-க்கு ஒரு பிள்ளை ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணும், இன்னொன்று எட்டுக்கு மேல் ஒன்பது, பத்து என்று போகும், மூன்றாவது ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கும். மூன்றும் 13 தான், ஆனால் அடுத்துச் சொல்லித்தர வேண்டியது ஒன்றல்ல. தப்புக்கு மட்டும் கேட்டால் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள், 'எப்படி' என்றதுமே ரப்பரைத் தேடுவார்கள்.

ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பதிலும் இதே ஆபத்துதான். பொருள்களை எண்ணிக்கை சமமான இரண்டு வரிசைகளாக வைத்து, ஒரு வரிசையைப் பெரியவர் நகர்த்திப் பரப்பிவிட்டு "இப்போதும் சமமா?" என்று கேட்பது, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காலத்துச் சோதனை. பல குழந்தைகள் இல்லை என்பார்கள். 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பொம்மைக் கரடி குறும்பாகக் கலைத்ததுபோல் செய்து கேட்டார்கள், சரியாகச் சொன்ன குழந்தைகள் வெகுவாகக் கூடினார்கள். பெரியவர் மெனக்கெட்டு நகர்த்திவிட்டு மறுபடி கேட்டால், பதிலை மாற்றத்தான் சொல்கிறார் என்று பிள்ளை நினைக்காதா?

முழு வகுப்பையும் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். நாளுக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஐந்தாறு நிமிடம் போதும். நோட்டில் 'புரிந்தது' என்று எழுதாமல், பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள், விரலை மடக்கியதைக்கூட. சொல்லிக்கொடுக்கக் கை துறுதுறுத்தால் அதையும் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் நடத்துங்கள்.