ஒரே வீட்டில் கீட்டோ: அவருக்கு 6 கிலோ, எனக்கு 2 கிலோ, ஏன்?

காரைக்குடியில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் நீங்களும் உங்கள் அண்ணியும் ஒரே நாளில் கீட்டோ, அதாவது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் உணவுமுறை, தொடங்கியிருக்கிறீர்கள். ஒரு மாதத்தில் அவருக்கு 6 கிலோ குறைந்தது, உங்களுக்கு 2தான்; ஏன் என்று கேட்கிறீர்கள். மனசு விட்டுவிடாதீர்கள்.

முதல் பத்து நாளில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் வெளியேறும். கனத்த உடம்புக்காரர்களுக்கு இது அதிகம்.

அடுத்தது தட்டு. உப்புக்கறியில் (செட்டிநாட்டு ஆட்டுக்கறி வறுவல்) மாவு இல்லை என்று நினைக்கிறோம். அதில் வதங்கும் சின்ன வெங்காயத்தில் 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம் மாவுச்சத்து உண்டு. கடைசியில் ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கவுனி அரிசி கறுப்பாக இருந்தாலும் அரிசிதான்.

தூக்கம், வயது, தைராய்டு, சில மாத்திரைகள் எல்லாமும் சேரும்.

2018இல் வெளியான, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓராண்டு ஆய்வில் 609 பேர் சேர்ந்தார்கள். குறைமாவு உணவுக்காரர்களின் சராசரி இழப்பு 6 கிலோ. ஆனால் ஒரே உணவுமுறையில் சிலர் 25 கிலோவுக்கு மேல் இழந்தார்கள், சிலருக்கு எடை கூடியது. மரபணுவை வைத்தும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

எடையோடு இடுப்பையும் அளந்து பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், மருத்துவரிடம் கேட்காமல் தொடரவே வேண்டாம்.