டிரெய்லர் கட்டினால் மைலேஜ் பாதியா?

கேள்வி: என் பெட்ரோல் எஸ்யூவி லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கும். இரண்டு டன் கூண்டு டிரெய்லரை மாட்டினால் 5தான். மேட்டில் கியர் மாறி மாறி விழுகிறது. இன்ஜினில் கோளாறா?

பதில்: இல்லை. உயரமான டிரெய்லருக்கு இந்த மைலேஜ் சகஜம். சமதளத்தில் எடையைவிடக் காற்றுதான் பெட்ரோலைக் குடிக்கிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 100 கி.மீ. வேகத்துக்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். 80-ஐத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மேட்டில் டோ மோடு (டிரெய்லர் இழுக்கும்போது கியர் அடிக்கடி மாறாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) போடுங்கள்; இல்லாவிட்டால் கையால் ஒரு கியர் இறக்கி அதிலேயே வையுங்கள். 4,000 ஆர்பிஎம் இரைச்சலுக்குப் பயப்படாதீர்கள், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினின் சக்தி அங்கேதான். கியர் அடிக்கடி மாறினால் டார்க் கன்வர்ட்டரின் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக் விடுபட்டு கியர்பாக்ஸ் ஆயில் கொதிக்கும். அதுதான் செலவு வைக்கும். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 10 சதவீத சக்தி போய்விடும், அதற்கு மருந்தில்லை.