மைக்ரோபயாலஜி படிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மைக்ரோபயாலஜி பட்டப்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பேர்பெற்ற கல்லூரி, ஆனால் கட்டணம் முழுவதற்கும் கடன் வாங்க வேண்டும். இன்னொன்றுக்கு அதில் பாதிக் கடன் போதும். ‘இந்தப் படிப்புக்குச் சம்பளமே வராது’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்பா எதற்கும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். எனக்கு இந்தப் பாடம்தான் வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: படியுங்கள். ஆனால் பாதிக் கடனில் முடிகிற இடத்தில் படியுங்கள்.

சொந்தக்காரர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. வெறும் இளநிலைப் பட்டத்தோடு வெளியே வருகிறவர்களில் நிறையப் பேருக்கு முதலில் கிடைப்பது மருந்து, உணவு அல்லது குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலை. நுண்ணுயிர் வளர்வதற்கான ஊட்டக் கலவையான மீடியா தயாரிக்க வேண்டும், அதை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) ஏற்ற வேண்டும், காற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க கிளீன்ரூமில் மீடியா ஊற்றிய பிளேட் திறந்து வைக்க வேண்டும், இன்குபேட்டரிலிருந்து (வெப்பநிலை மாறாமல் வளர்க்கும் பெட்டி) எடுத்து, வளர்ந்த நுண்ணுயிர்க் காலனிகளை எண்ண வேண்டும், அப்புறம் அத்தனையையும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊசி மருந்தில் கிருமி இல்லை என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி டெஸ்ட்டில் 14 நாள் இன்குபேட் செய்து, ஏதாவது வளர்கிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு எழுத முடியும். யார் உயிரோ அந்தக் கையெழுத்தை நம்பியிருக்கிறது, அவ்வளவு பொறுப்பான வேலை. ஆனாலும் தொடக்கச் சம்பளம் அந்தப் பொறுப்புக்கு ஏற்றதாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. சில வருட அனுபவத்துக்குப் பிறகு வேலிடேஷன் (கருவியும் முறையும் சரியாக வேலை செய்கின்றன என்று நிரூபிப்பது), தர உறுதி, ஆடிட் என்று நகர்ந்தால்தான் கை கொஞ்சம் தாராளமாகும், கடன் தவணையோ அதுவரை காத்திருக்காது.

அதனால் கடனை எதிர்காலக் கனவுச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள், முதல் வேலையின் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கடனுக்கு மாதம் சுமார் 1,320 கட்ட வேண்டும், முடியும்போது மொத்தம் 1,58,000-க்கு மேல் கட்டியிருப்பீர்கள். கடன் தொகை உங்கள் முதல் வருடச் சம்பளத்துக்குச் சமமாக இருந்தால் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் தவணைக்கே போய்விடும். அதுவே இரண்டு வருடச் சம்பளத்துக்குச் சமம் என்றால் 32 சதவீதம். வாடகையும் சாப்பாடும் போக அதைக் கட்டுவது என்றால் மூச்சு முட்டும். போதாக்குறைக்கு, படிக்கும் காலத்திலேயே வட்டி ஓடுகிற கடனாக இருந்தால் அது அசலோடு சேர்ந்துகொள்ளும், பிறகு வட்டிக்கும் வட்டி. படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்ட முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள், முடிந்தால் பெரிய உபகாரம். ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல் கடன் வேண்டாம் என்பது பலரும் சொல்லும் கணக்கு. இந்தப் படிப்புக்கு நான் அதையும்விடக் குறைவாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

காரணம், உங்கள் படிப்பு பெரும்பாலும் இந்தப் பட்டத்தோடு நிற்கப் போவதில்லை. ஆராய்ச்சியைச் சொந்தமாக நடத்த வேண்டுமானால் முதுநிலை, பெரும்பாலும் முனைவர் பட்டமும் வேண்டும். மருத்துவமனை லேபில் சேரலாம் என்று நினைத்தால், பல நாடுகளில் அதற்குத் தனிப் பயிற்சியும் உரிமமும் கேட்கிறார்கள், மைக்ரோபயாலஜி பட்டம் மட்டும் போதாது (சேருவதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள், பலருக்கு இறுதியாண்டில்தான் தெரியவருகிறது). முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைக்கிற இடங்கள் உண்டு, நடுவில் வரும் முதுநிலைக்குத்தான் பெரும்பாலும் கையிலிருந்து போகும். முதல் படியிலேயே முழுக் கடனையும் வாங்கிவிட்டால் அந்த இரண்டாவது படிக்கு யார் கொடுப்பார்கள்?

கல்லூரி காட்டும் ‘சராசரி சம்பளம்’ என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். மேற்படிப்பு முடித்தவர்களையும், வேறு துறைக்கே போய்விட்டவர்களையும் அதில் சேர்த்திருக்கலாம். இந்தப் பட்டத்தோடு மட்டும் வேலைக்குப் போனவர்களில் நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்குகிறார், எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை, இரண்டையும் நேராகக் கேளுங்கள்.

சரி, பேர்பெற்ற கல்லூரியை விட்டால் நஷ்டமில்லையா? லேப் நன்றாக இருந்தால் பெரிதாக இல்லை. மலிவான கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய், மூன்றாம் வருட மாணவர் யாரையாவது பிடித்து, “ஸ்ட்ரீக் பிளேட் (நுண்ணுயிரை மீடியாவில் கோடிழுத்துப் பரப்பிப் பிரிப்பது) நீங்களே போட்டீர்களா, இல்லை ஒருவர் போட மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் ஓடுகிறதா, துணி போர்த்தி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வடிகட்டிய காற்று வீசும் லாமினார் ஃப்ளோ மேடைக்கு முன் கை நடுங்காமல் உட்கார்ந்து, கன்டாமினேஷன் (வேறு கிருமி கலப்பது) இல்லாமல் நுண்ணுயிர்க் கல்ச்சர் மாற்றத் தெரிந்தவரை எந்த லேபும் மதிக்கும். வேலை தருகிறவர் முக்கியமாகப் பார்ப்பது அந்தக் கைப்பழக்கத்தையும், ஒழுங்காகப் பதிவு எழுதும் பழக்கத்தையும்தான். முடிந்தால் இரண்டாம் வருட விடுமுறையிலேயே ஏதாவது ஒரு பரிசோதனைக் கூடத்தில் இன்டர்ன்ஷிப் கேளுங்கள். கூடவே புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் கற்றுக்கொண்டால் மரபணுத் தரவுகளோடு வேலை செய்கிற பக்கமும் கதவு திறக்கும்.

போய்ப் பார்த்ததில் அங்கே லேப் பெயருக்குத்தான் இருக்கிறது என்றால் என் பதில் மாறும். அப்போதும் முழுக் கடனுக்குப் போகாதீர்கள், பெரிய கல்லூரியில் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் மூன்றாவதாக ஒரு கல்லூரி தேடுங்கள். அப்பா கையெழுத்துப் போட்டால் அது அவர் கடனும்தான், நீங்கள் கட்டாத மாதம் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். அதனால் மேலே சொன்ன கணக்கைத் தாளில் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தவணைத் தொகையைக் காட்டிப் பேசிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.